லேகியத்துக்கு நான் சொன்ன சாட்சி

நண்பர்கள் எல்லோருக்கும்,

இன்று உத்திரமேரூரில் காஞ்சிபுரம் வண்டி புறப்படும் முன் ஒரு மூலிகை லேகியக்காரர் ஏறினார். போன வருடம் ஊருக்கே ஒருவர்தான். இப்போது வண்டிக்கு ஒருவர்.

முன் இருக்கையில் இருந்த என்னிடம் வந்தார்.

"பெரியவரே, மூட்டு வலி கீதா?"

"இல்லீங்க."

"தூக்கம் வரலியா?"

"நல்லா வருதே."

"மலச்சிக்கல்?"

நிதானமாக யோசித்தேன். "அதுவும் இல்லீங்க."

வண்டியே சிரித்தது.

"காலைலேர்ந்து ஒரு டப்பாகூட போவல, நீங்க வேற பேஜார் பண்றீங்க" என்று முணுமுணுத்தவர், சட்டென்று திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"பாத்துக்கினீங்களா? இந்த வயசுல ஒரு நோவு இல்ல! ஆறு மாசமா நம்ம லேகியந்தான் துன்றாரு!"

மறுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் ஏழெட்டுக் கைகள் நீண்டுவிட்டன. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்து வரிசை அம்மாள் டப்பாவோடு என் பக்கம் சாய்ந்தார். "ஐயா, இத்த சோத்துக்கு முன்னால துன்றதா, பின்னால துன்றதா?"

"பின்னாலம்மா," என்றேன். "வெந்நீரோட."

வெந்நீரை ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்களில் யாராவது அந்த லேகியத்தைச் சாப்பிட்டிருந்தால், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று உடனே ஒரு கார்டு போடுங்கள். அந்த அம்மாள் வெள்ளிதோறும் இதே வண்டியில்தான் வருகிறாராம்.