எடுக்காத எக்ஸ்ரே

காட்டுப்பாக்கத்தில் கிளினிக் தொடங்கியபோது, பெயர்ப்பலகையில் ‘விளையாட்டுக் காயங்கள்’ என்பதைப் பெரிதாக எழுதச் சொன்னேன். எலும்பு அறுவை சிகிச்சை முடித்த பிறகு அதற்கென்றே தனியாகப் படித்திருந்தேன். ஆனால் வந்தவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை மட்டும் ஷட்டில் ஆடி முட்டியைத் திருகிக்கொள்ளும் ஐடி ஊழியர்கள். அதனால் சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு கபடி வீராங்கனை வந்தபோது எனக்கு உள்ளூர சந்தோஷம்.

கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வலது முட்டிக்குச் சற்று மேலே வலி என்றாள். மடக்கிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். தசைநார்கள் எல்லாம் உறுதியாக இருந்தன.

“ஓவரா ஆடுறதால வர்ற வலி. ரெண்டு வாரம் ஐஸ் வை, ரெஸ்ட் எடு” என்றேன்.

எக்ஸ்ரே அறை பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை. சும்மா இருக்கும்போதும் வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. என் கைக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் துள்ளிக்கொண்டு வந்தாள். “வலி சுத்தமா போச்சு மேடம். மேட்ச்சு ஆடலாம்ல?”

ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் அணி கோப்பை வாங்கியது. போட்டோகூட அனுப்பியிருந்தாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். அப்பா அவளைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். “கொழந்த தூங்கவே மாட்டேங்குதும்மா. காலப் புட்சிகினே ஒக்காந்துகீது.”

அன்றைக்குத்தான் எக்ஸ்ரே எடுத்தேன். தொடையெலும்பின் கீழ் முனை அரித்துப்போய், சுற்றிலும் புது எலும்பு கதிர் கதிராகக் கிளம்பியிருந்தது. பாடப் புத்தகத்தில் எத்தனையோ முறை பார்த்த படம். எலும்புப் புற்றுநோய். அடுத்த அறையில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்க முடியாமல் நின்றேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே உடன் போனேன். மருந்து ஏற்றினார்கள். பிறகு தொடையோடு காலை எடுத்தார்கள். அதற்குள் நுரையீரலுக்கும் பரவியிருந்தது.

ஒரு மத்தியானம் பார்க்கப் போயிருந்தேன். முடியெல்லாம் கொட்டி, தலையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். அப்பா ஜன்னலோரம் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

“மேடம், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு வலி போச்சுன்னு சொன்னேன்ல, அது பொய்யி. மேட்ச்சுக்கு வுட மாட்டீங்கன்னு பயந்துதான் அப்படி சொன்னேன். அதனாலதான் இப்படி ஆயிடுச்சா?”

இத்தனை நாளாக இதையா சுமந்துகொண்டிருந்தாள்?

“இல்லம்மா. உன்னால எதுவும் ஆகல. நீ வந்த முதல் நாளே நான் எக்ஸ்ரே எடுத்திருக்கணும். எடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். தப்பு என்னோடது.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள். அப்பாவின் கை நின்றுவிட்டது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பழத்தை வைத்துவிட்டு வெளியே போனார். நான் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவிலேயே சிறிது நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் வலி என்று வரும் எல்லோரிடமும் நிதானமாகக் கேட்கிறேன், சந்தேகம் துளி இருந்தாலும் படம் எடுக்கிறேன். அதனால் அவளுக்கு என்ன?

போன மாதம் அவள் அணியில் ஆடிய ஒருத்தி கணுக்கால் பிசகி வந்தாள்.

“அவளுக்கு நீங்கதான பாத்தீங்க?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு காலை நீட்டினாள். அதைத் தொட எனக்குத்தான் கை எழவில்லை.