நாலு போல்ட்டில் இரண்டு குசினி

அழகமுத்து ஏறினால் கஹவத்தை பஸ் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு. டிரைவரும் அவன் கதையைக் கேட்க வேண்டுமே. கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் ரோலர் மெஷினுக்கு ஒயில் விடுவதும் தளர்ந்த நட்டுகளை முறுக்குவதும் அவன் வேலை. ஒருநாள் மெஷின் நின்றுபோனதாம். இவன் அதன் காதோரம் குனிந்து ஏதோ சொன்னானாம். அது வெட்கப்பட்டு மறுபடி ஓடத் தொடங்கிவிட்டதாம். என்ன சொன்னாய் என்று கேட்டால், அதைப் பெண்கள் இருக்கிற இடத்தில் சொல்லக் கூடாது என்பான்.

இப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சோறு இறங்காமல் திரிந்தான். பெண்டாட்டியிடம் சொன்ன பொய் அது.

ஜீவராணி தொண்ணூற்றைந்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். மகள் கல்யாணச் செலவுக்காகத்தான் போனாள். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்றாள். மகளைப் பலாங்கொடையில் கட்டிக்கொடுத்து, பேரனும் பிறந்துவிட்டான். அவள் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அதுவும் வருகிற பங்குனியோடு முடிகிறது. இந்தத் தடவை வருவாளா, மூன்றாவது கையெழுத்தும் போடுவாளா? அழகமுத்துவுக்கு உலகத்தில் வேறு கேள்வியே இல்லை.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கஹவத்தையில் ஜுனைதீனின் கொமியூனிகேஷன் கடைக்கு அவள் கோல் எடுப்பாள். தை மாதம் எடுத்தபோது, வருவதைப் பற்றிக் கேட்டான். அவள் நேராகப் பதில் சொல்லவில்லை.

"இங்க குசினியில எல்லாம் சுவத்துலதாங்க இருக்கு. அலுமாரிய சுவத்துல மாட்டி வச்சிருக்காங்க. கைய நீட்டினா உப்பு, கைய நீட்டினா சீனி. நம்ம லயத்துக் காம்பராவுல உப்புக்கும் குனியணும், மொளகாய்க்கும் குனியணும். மலையில கூடையச் சொமந்துட்டு வந்து மறுபடி தரையில கெடக்கணும். அத நெனச்சாலே இடுப்பு வரமாட்டேங்குது."

"அட, நம்ம குசினியிலயும் அலுமாரி மாட்டியாச்சு புள்ள!" என்றான் அழகமுத்து. யோசிக்கவே இல்லை. "போன மாசமே மாட்டிட்டேன்!"

"நெசமாவா?"

அந்த ஒரு சொல்லில் அவள் குரல் மெலிந்து, இளசாகி, கல்யாணமான புதிதில் கேட்ட குரலாகிவிட்டது. கோல் முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "அது செத்துப் போச்சு மச்சான், வைங்க" என்று ஜுனைதீன்தான் வாங்கி வைத்தார்.

அடுத்த கோலுக்குள் பொய்யை மெய்யாக்க வேண்டும்.

அலுமாரி செய்வதில் கஷ்டம் இருக்கவில்லை. தேயிலையைக் கடதாசிச் சாக்கில் கட்டத் தொடங்கிய பிறகு, ஸ்டோரின் பின்பக்கம் பழைய தேயிலைப் பெட்டிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. ஸ்டோர் அதிகாரி பெரிய டீமேக்கரிடம் கேட்டு இரண்டு பெட்டி வாங்கிவந்தான். ஒன்றோடொன்று சேர்த்து, தட்டு வைத்து, கதவும் போட்டான். முதுகுக்குப் பலாப்பலகை. திறந்தால் குப்பென்று தேயிலை வாசம்.

எந்த உயரத்தில் மாட்டுவது என்பதில்தான் தடுமாறிப்போனான். எதிரே நின்றால் ஜீவராணி தன் உடம்பில் எதுவரை வருவாள்? தோளா, தோளுக்குக் கீழேயா? நாலு வருஷமாகத் தினமும் நினைக்கிற மனுஷியின் உயரம் அவனுக்குத் தெரியவில்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் வாசல்பக்க இஸ்தோப்புக்கு எழுந்து போனான். கொழுந்துக் கூடையை மாட்டுவதற்காக அவளே தூணில் அடித்த ஆணி அங்கே இருந்தது. தன் கைக்கு எட்டுகிற இடம் பார்த்துத்தானே அடித்திருப்பாள்? தரையிலிருந்து ஆணிவரை கயிறு பிடித்து அளந்தான். அந்தக் கயிற்றைக் கீழே விடாமல், தூங்குகிற பிள்ளையைக் கொண்டுபோவதுபோலக் குசினிக்குக் கொண்டுபோனான்.

முதலில் வெளிச்சுவரில் மாட்டினான். வெள்ளைக்காரன் காலத்துக் கல்சுவர். கல்லில் ஆணி இறங்காது. கல்லுக்கு நடுவே இருப்பது மண். மண்ணில் மர ஆப்பு வைத்து அதில் ஆணி அடித்தான். ஒன்பது நாள் மழை பெய்தது. மழைக்குச் சுவர் வியர்த்தது, மண் இளகியது. பத்தாம் நாள் அலுமாரி மூன்று கோப்பைகளோடு கீழே வந்தது. ஆப்புகள் மாத்திரம் நனைந்த பல்லைப்போலச் சுவரில் நின்றன.

"ஆப்பு வேலைக்காகாது. மெஷினக் கட்டுற மாதிரி கட்டணும்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டான். மெஷினைக் கட்டுவதென்றால், போல்ட் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரவேண்டும். இரண்டு பக்கமும் பலகை, இரண்டு பக்கமும் வாஷர். அப்படிக் கட்டினால் சுவர் சாய்ந்தால்தான் அலுமாரி சாயும். கல்சுவர் இரண்டடி கனம்; லயத்து நடுச்சுவரோ ஒற்றைச் செங்கல். பழைய ரோலரிலிருந்து கழற்றிய நாலு போல்ட் அவனிடம் இருந்தது. துளை போட இரும்புக் கம்பியைச் செங்கல்லில் வைத்துத் திருப்பித் திருப்பித் தட்டினான்.

எல்லாம் சரியாகத்தான் கணக்குப் போட்டான். நடுச்சுவருக்கு மறுபக்கமும் ஒரு குசினி இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டான். அது செத்துப்போன அண்ணன் பெண்டாட்டி இருளாயியின் குசினி. காய்ச்சலென்று அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை.

சுவர் கூரைவரை போகாது, மேலே இடைவெளி. அதன் வழியாகக் குரல் வந்தது.

"கொழுந்தனாரே! முருகன் கையில ஏற்கனவே ஒரு வேலு இருக்கு. ரெண்டாவது வேலு யாரு கேட்டா?"

ஓடிப்போய்ப் பார்த்தான். சாமி காலண்டரில், முருகன் தோளை ஒட்டிக் கம்பி முனை நீட்டிக்கொண்டிருந்தது. இருளாயி கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்க மதினி. நீங்க மலையில இருப்பீங்கன்னு..."

"மலையில இருந்தா சாமிய குத்தலாமோ? தொரைகிட்ட சொல்லட்டா?"

"வேணாம் மதினி! ஜீவராணிக்கு அலுமாரி..."

"தெரியும். லயத்துல அத்தன வீடும் சிரிக்குது. அதான் ஒண்ணு கீழ விழுந்துச்சே." அவள் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். "எம்பக்கம் என்ன வரும்?"

"ஒரு பலகை. நாலு நட்டு."

"வெறும் பலகைய வச்சுக்கிட்டு நான் என்ன பூசையா பண்ணுறது? எனக்கும் தட்டு அடிச்சுக் குடுங்க. எனக்கு மட்டும் இடுப்பு இரும்புலயா செஞ்சிருக்கு?"

அவளுக்கும் தட்டு அடித்தான். முருகன் பக்கத்துச் சுவருக்கு இடம் மாறினார்.

ஞாயிற்றுக்கிழமை நட்டு முறுக்கினார்கள். இவன் இந்தப் பக்கம், ஸ்பேனரோடு மதினி அந்தப் பக்கம்.

"பிடிச்சிருக்கீங்களா மதினி?"

"பிடிச்சுத்தான இருக்கேன். கல்யாணத்துல ஒங்கண்ணன் கையக்கூட இம்புட்டு நேரம் பிடிக்கல."

"சுத்தாமப் பிடிங்க!"

"சுத்துறது நீங்க. பொண்டாட்டிய நெனச்சா தலையும் சுத்தும், கையும் சுத்தும்."

நாலும் முறுகின. அழகமுத்து அலுமாரியின் அடிக்கட்டையைப் பிடித்து, காலை மடக்கி, வௌவாலைப்போலத் தொங்கினான். சுவர் முனகக்கூட இல்லை. தொங்கியது ஒரு நிமிஷம். ஸ்டோரில் சொன்னபோது அது அரை மணித்தியாலமாக வளர்ந்திருந்தது. மிச்சமிருந்த கோப்பைகளைக் கழுவி, கீழ்த்தட்டில் கவிழ்த்து வைத்தான்.

மறுநாள் விடியப்புறம், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போக இன்னும் நேரமிருந்தபோது, குசினியில் கோப்பைகள் கிணுங்கின.

அழகமுத்து எழுந்து உட்கார்ந்தான். மறுபடியும் கிணுங்கியது. அடுப்பு மூட்டுமுன் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கிற சத்தம். ஜீவராணி குவைத்துக்குப் போகும்வரை அந்தச் சத்தத்துக்குத்தான் அவன் தினமும் கண்விழித்திருந்தான். பாயை உதறிவிட்டுக் குசினிக்கு ஓடினான்.

அடுப்பு குளிர்ந்து கிடந்தது. யாருமில்லை. கோப்பைகள் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. சுவருக்கு அப்பால் மதினி தன் தட்டிலிருந்து சீனி டின்னை இறக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்துக்கும் அதே போல்ட்டுகள்தானே? அங்கே கை வைத்தால் இங்கே கிணுங்குகிறது.

நின்றபடியே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தும் எழுந்தான். அதற்கடுத்த நாளும் எழுந்தான். ரப்பர் வைத்து நெருக்கினால் சத்தம் நின்றுவிடும். ஸ்டோரில் ரப்பர் துண்டுக்குப் பஞ்சமில்லை. அவன் கொண்டுவரவில்லை.

மாசி மாத வெள்ளிக்கிழமை வந்தது. ஜுனைதீன் கடையில் ஆறு பேர் காத்திருந்தார்கள். போன் வந்ததும் ஆறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"மேடம் கையெழுத்துக் கேக்குறாங்க. நாளைக்குச் சொல்லணும்" என்றாள் ஜீவராணி. மெதுவாகச் சொன்னாள். "அலுமாரி நல்லா இருக்கா?"

யானை தொங்கினாலும் தாங்கும் என்று சொல்ல வாயைத் திறந்தான். பெரிய தொரையே வந்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் தன் பங்களாவுக்கு ஒன்று கேட்டார் என்றும் சொல்ல வைத்திருந்தான். இரண்டையும் விழுங்கினான்.

"போன தடவ பொய் சொன்னேன் புள்ள. அப்ப அலுமாரி இல்ல. இப்பத்தான் மாட்டினேன்."

போனை மறு காதுக்கு மாற்றினான்.

"மதினி வூட்டுச் சுவத்தோட சேத்துக் கட்டியிருக்கேன். அவங்க காலையில டின்ன எடுத்தா நம்ம கோப்பை கிணுங்குது. நீதான்னு நெனச்சு எந்திரிச்சுப் போறேன். தெனமும் போறேன்."

போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து ஜுனைதீனைப் பார்த்தான். அப்போது அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"எத்தன தட்டு?"

"மூணு."

"மேல் தட்டுல ஒண்ணும் வச்சிராதீங்க. பாக்கி ரெண்டும் எப்பிடியோ போகட்டும். அந்த மேல் தட்டு எனக்கு வேணும்."

"எப்ப?"

"பங்குனியிலதான். வேற எப்ப?"

தோட்டத்துக்குத் திரும்பிய பஸ்ஸில் அன்றைக்கு அழகமுத்து வாயே திறக்கவில்லை. டிரைவர் இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்தான். பஸ் கால் மணித்தியாலம் முந்திப் போய்ச் சேர்ந்தது.

குசினியில் அவன் மேல்தட்டை ஒழிக்கத் தொடங்கியதும், சுவருக்கு மேலே குரல் வந்தது.

"என்ன கொழுந்தனாரே, உருட்டுச் சத்தம்? அவ என்ன சொன்னா?"

"மேல் தட்ட காலி பண்ணச் சொன்னா, மதினி."

அந்தப் பக்கம் டின்கள் நகர்ந்தன. "அப்ப அந்த மா டின்ன இங்கிட்டுக் குடுங்க. எந்தட்டுல எடமிருக்கு" என்றாள் இருளாயி.

அவன் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, சுவருக்கு மேலாக டின்னை நீட்டினான். அவள் கை வந்து வாங்கிக்கொண்டது.