நாரைகளின் வாழ்த்து

காரைக்குடி தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் டீ குடிக்க நிற்கிறேன். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் முழுக்க நாரைக் கூடுகள். குஞ்சு பொரிக்கும் மாதங்களில் கரைமேல் சைக்கிள் ஓட்டக் கூடாதாம். அந்தத் தடையை எதிர்த்து வெளியூர் சைக்கிள் கிளப் ஒன்று இன்று ஓட்டிக் காட்ட வந்திருக்கிறது. 'புகை விடாத எங்களுக்குமா தடை?' என்று கேட்கிறது அவர்களுடைய பேனர்.

டீக்கடை ஸ்டெல்லா அக்கா எனக்கு டம்ளரை நீட்டுகிறார். "இவுக வரட்டும், போகட்டும். சத்தம் போடாம இருந்தாச் சரி. எங்க ஊர்ல தீபாவளி, கிறிஸ்மஸ், எதுக்கும் வெடி கிடையாது."

"பிள்ளைகள் அழாதா?"

"அழுகத்தான் செய்யும். மத்தாப்பக் குடுத்து உக்கார வைப்போம்."

கிளப் தலைவர் கொடியை அசைக்கிறார். அவர் ஆள் ஒருவர் ஆயிரம்வாலாவைக் கொளுத்துகிறார்.

கண்மாய் முழுவதும் வெள்ளையாக எழும்பிப் பறக்கிறது. கூடுகளில் குஞ்சுகள் மட்டும் கத்துகின்றன. ஸ்டெல்லா அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கரையைப் பார்த்தபடி நிற்கிறார்.

சைக்கிள்காரர்கள் எல்லோரும் செல்போனை உயர்த்திப் படம் எடுக்கிறார்கள்.

"பாத்தீங்களா சார்," என்று தலைவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "அதுங்களே நம்மள வாழ்த்த வந்துருச்சு."