படத்துக்கு முன்னால் வைத்த மாத்திரை

ஸ்கேன் அறையில் விளக்கைத் தணித்துவிடுவோம். பகல் பதினொரு மணிக்கும் அங்கே அந்திதான். ஏ.சி.யின் முனகல், ஜெல்லின் குளிர், திரையின் சாம்பல் வெளிச்சம். வயிற்றுக்குள் சீழ் கட்டியவர்களை அதை உறிஞ்சி எடுக்கும் ஊசிக்குத் தயார்செய்வது என் வேலை. இருபது வருடமாக அதே கேள்விகள். எப்போ சாப்பிட்டீங்க, என்ன சாப்பிட்டீங்க, என்ன மாத்திரை போடுறீங்க.

அன்று வந்தவர் ஆலங்குடிப் பக்கத்து முந்திரி விவசாயி. ஈரலில் கட்டி, பத்து நாள் காய்ச்சல். துணைக்கு மனைவி.

“மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா ஐயா?”

மனைவி முந்திக்கொண்டார். “இவுகளா? தலைவலிக்கே மாத்திரை முழுங்காத ஆளு சிஸ்டர். சுக்கை ஒரசிப் பத்துப் போடச் சொல்லுவாக.”

படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

திரையில் ஈரல் தெரிந்தது. நடுவில் கறுப்பாக ஒரு குழி. மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்கியது, உள்ளே யாரோ குடியிருப்பதைப் போல. அவர் திரையைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் சுவர் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். ஆக்சிஜன் சிலிண்டர்தான்.

மருந்து தடவக் குனிந்தபோது அவர் புறங்கை கண்ணில் பட்டது. குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்தி ஒரு மணி நேரமாகியும் பிளாஸ்திரிக்கு அடியில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சட்டையை ஏற்றினேன். பிரஷர் பார்க்கப் பட்டை சுற்றிய இடத்தில் நாவல்பழ நிறத்தில் ஒரு வளையம்.

“அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தெனமும் எதுவுமே தர்றதில்லையா?”

“இவுகளுக்குன்னு தர்றதில்லைங்க. அது இவுக அண்ணனோடது.”

பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அண்ணன் இதய ஆபரேஷன் செய்துகொண்டவர். மூன்று மாதத்துக்கு முன் இறந்துவிட்டார்.

“உசுரோட இருக்கையில காலையில ஏழு மணிக்குக் கேட்டு வாங்கிப் போடுவாக. அதான் படத்துக்கு முன்னாடி தண்ணியோட ஒண்ணு வெப்பேன். சாமி கும்பிட்டதும் இவுக எடுத்துக்குவாக. படைச்சதைக் குப்பையில போட முடியுங்களா?”

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை அது. ஊசி இறங்கியிருந்தால் ஈரலுக்குள் ரத்தம் நிற்காமல் ஓடியிருக்கும். படிவத்தில் நான் எழுதிய ‘இல்லை’யின் மை இன்னும் பளபளத்தது.

டாக்டரிடம் ஓடினேன். ஊசியைத் தள்ளிப்போட்டார்.

அப்போதுதான் விவசாயி முதல்முறையாகப் பேசினார். “ஒரு நாளு எடுத்துக்க மறந்துட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் அண்ணன் வந்து களத்துல நின்னாக.” பஸ் வந்து நின்றதைச் சொல்வதைப் போலச் சொன்னார். “இனி நிறுத்திட்டா?”

“மாத்திரை மட்டும் வேணாங்க. வேற ஏதாச்சும் வைங்க” என்றேன்.

“டீ வெச்சுக்குவோம்” என்றார் மனைவி. “குடிக்க நான் இருக்கேன்.”

அந்த மாத்திரையை முறிக்கும் மருந்து ஏற்றியும் ரத்தம் உறையும் நிலைக்கு வர மூன்று நாளாயிற்று. அதுவரை காய்ச்சலில் கொதித்துக் கிடந்தார். நான்காம் நாள் ஊசி இறங்கியது. செங்கலைக் கரைத்தாற்போல் சீழ் வந்தது. திரையில் அந்தக் குழி சுருங்கச் சுருங்க அவர் உதடுகள் அசைந்தன, யாருக்கோ பதில் சொல்வதைப் போல.

மிச்சச் சீழ் வடியச் செருகித் தைத்த குழாயைச் சுற்றிப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம். எடுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. மறுபடியும் வைத்து அழுத்தினேன்.