காணிக்கைக்கு ஒரு புடலங்காய்

அந்த நாட்களில் ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்குள் இரண்டு மக்டலீன்கள் இருந்தார்கள். ஒருத்தி தையல் மக்டலீன். மற்றவள் சாம்பல் மக்டலீன். இது சாம்பல் மக்டலீனின் கதை. அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று அவளிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கேட்கத் தேவையும் இல்லை, கோயிலுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

அவள் ஏதோ பரம்பரைத் தோட்டக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. ஊர்காவற்றுறையில் வள்ளக்காரர் வீட்டில் பிறந்தவள். வீட்டுக்குப் பின்னால் கடல். மரக்கறி என்பது சந்தையிலிருந்து பையில் வருகிற சாமான். ஒரு மிளகாய்க் கன்றுகூட அவள் கையால் நட்டது கிடையாது. நாற்பத்தைந்து வயதில், கனடாவில், பிளாஸ்ரிக் மூடி அடைக்கும் தொழிற்சாலையில் ஏழு மணி முதல் மூன்று மணி வரை நின்றுவிட்டு வந்துதான் முதன்முதலாக மண்வெட்டி பிடித்தாள். காரணம் ஊர் நினைப்பு ஒன்றுமில்லை, சுத்தமான கோபம். கடையில் வாங்கிய புடலங்காய் விமானத்தில் வந்த களைப்பில் கையில் பிடித்ததும் ஈரத் துவாய்போல மடிந்து தொங்கியது. "உதைச் சமைச்சுச் சாப்பிடுறதிலும் பார்க்கப் பட்டினி கிடக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பின்வளவுக்குப் போய்ப் புல்லைக் கொத்தத் தொடங்கினாள். புருசன் சீமோன் கதவடியில் நின்று பார்த்தார். மறிக்கவில்லை. மறித்து வென்ற அனுபவம் அவருக்கு இல்லை.

முதல் வருசம், தொண்ணூற்று நான்கு. வீட்டுக்குள் முளைக்க வைத்த கன்றுகளை நடுவதற்கு அவள் பார்த்த நாள் மே பதின்மூன்று, பாத்திமா மாதா திருநாள். செபம் சொல்லி, ஒவ்வொரு குழியிலும் தீர்த்தம் தெளித்து நட்டாள். அடுத்த வீட்டு எட்னா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, மே பின்பாதியில் வருகிற விக்டோரியா டே லோங் வீக்கெண்ட் முடியும்வரை பொறுக்கச் சொன்னாள். திருநாளில் நட்டதற்கு என்ன வரப்போகிறது என்று மக்டலீன் சிரித்துக்கொண்டு தண்ணீர் விட்டாள். மூன்றாம் நாள் விடியப் பார்த்தால் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளை. கன்றெல்லாம் கறுத்து, அவித்த கீரைபோல நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது.

"மாதா திருநாளிலை நட்டதுக்கே இந்தக் கதியெண்டால்..." என்று அவள் ஆரம்பிக்க, சீமோன், "மாதா பாத்திமாவிலைதான் காட்சி குடுத்தவ, ஸ்காபரோவிலை இல்லை" என்றார். இரண்டு நாள் அவருக்குச் சோறு மட்டும் கிடைத்தது, கறி இல்லை.

இரண்டாம் வருசம்தான் பட்டம் வந்த வருசம். கொடி நன்றாக ஏறியது. பிறகு இலைக்கு அடியில் பச்சைப் பேன் பிடித்தது. விடியற்காலைப் பனியோடு சாம்பல் தூவினால் பேன் போகும் என்பது ஊரில் தோட்டமே செய்யாதவர்களுக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் எலெக்ட்ரிக் அடுப்பில் சாம்பலுக்கு எங்கே போவது? கோயில் சனம் பூங்காவில் பிக்னிக் வைத்த ஞாயிறன்று, எல்லோரும் கோழி சுட்டுச் சாப்பிட்டு முடிந்ததும், மக்டலீன் ஐஸ்கிரீம் டப்பாவோடு ஒவ்வொரு பார்பிக்யூ அடுப்பாகப் போய்ச் சாம்பல் அள்ளினாள். நாற்பது குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது. "அம்மா, ப்ளீஸ், எவ்ரிவன் இஸ் லுக்கிங்" என்று மகள் அனோஜா கையைப் பிடித்து இழுத்தாள். மக்டலீன் இரண்டு டப்பா நிரப்பிக்கொண்டுதான் வந்தாள்.

ஊர்ச் சாம்பல் விறகுச் சாம்பல். இது எண்ணெய் ஊற்றிக் கொளுத்திய கரிக்கட்டியின் சாம்பல். அந்த வித்தியாசத்தை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, இலைதான் சொன்னது. நாலு நாளில் எல்லாம் பொரிந்து உதிர்ந்தது. பேனும் செத்தது, கொடியும் செத்தது. அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் தேநீரோடு பகிடியும் பரிமாறப்பட்டது. மக்டலீனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து, உடுப்புத் தோய்க்கிற மெசினை வெறுமையாக ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

இப்படி ஒருத்தி மூன்றாம் வருசம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவள் இருக்கவில்லை.

ஆகஸ்ட் மாதா திருநாளுக்கு ஒவ்வொரு வருசமும் காணிக்கைப் பவனி உண்டு. நல்ல உடுப்போடு வரிசையாக நடந்து, விளைந்ததைப் பீடத்தில் வைப்பது வழக்கம். கனடாவில் விளைச்சலுக்கு எங்கே போவது? ஆளுக்கொரு அன்னாசி, ஆளுக்கொரு கொடிமுந்திரிகைக் குலை. கடை ஸ்ரிக்கரைக்கூடச் சிலர் கிழிப்பதில்லை. தொண்ணூற்றாறு வைகாசியில் திருநாள் கூட்டம் நடந்தபோது மக்டலீன் எழுந்து நின்றாள்.

"நான் இந்தமுறை புடலங்காய் கொண்டு வாறன். கடையிலை வாங்கினது இல்லை. என்ரை வளவிலை காய்ச்சது."

மண்டபத்தில் யாரோ தும்மலை அடக்குவதுபோலச் சிரிப்பை அடக்கினார்கள். திருநாள் குழுத் தலைவர் அருள்நாயகம் பொல்லாத மனிதர் அல்ல. ஆனால் முன்னெச்சரிக்கை கூடியவர். "நல்லது தங்கச்சி, எழுதிறன்" என்று பட்டியலில் 'மக்டலீன் – புடலங்காய்' என்று எழுதினார். பிறகு சின்னதாக அடைப்புக்குறி போட்டு அதற்குள் இன்னொன்றும் எழுதினார். மக்டலீனுக்குக் கண் நல்ல கூர்மை. அடைப்புக்குறிக்குள் 'அன்னாசி' என்று இருந்தது.

அந்த அடைப்புக்குறி அவளை ஒவ்வொரு நாளும் விடியவே எழுப்பியது. லோங் வீக்கெண்ட் முடிந்தும் அவள் நடவில்லை. எட்னாவே நடச் சொன்ன பிறகும் இன்னும் ஐந்து நாள் பொறுத்தாள். மண்ணுக்குள் விரலை விட்டு, சூடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நட்டாள். குளிர்ந்த இரவுகளுக்குப் பழைய நூல் சேலைகளால் கன்றுகளை மூடினாள். வேலிக்கு இந்தப் பக்கம் பூப்போட்ட சேலைகள் வரிசையாகக் குந்தியிருப்பதைப் பார்த்து எட்னா சிலுவை போட்டுக்கொண்டாளாம்.

பிறகு மஞ்சள் வண்டு வந்தது, முதுகில் கறுப்புக் கோடு போட்டது. வெயில் ஏறினால் பறந்துவிடும். விடியற் குளிரில் அதற்கு விறைப்பு, அசையாது. மக்டலீன் இதைத் தானே கண்டுபிடித்தாள், யாரும் சொல்லித் தரவில்லை. ஐந்தரை மணிக்கு, வேலைக்குப் போகிற உடுப்போடு, சவுக்காரத் தண்ணீர் பேணியோடு இறங்கி ஒவ்வொன்றாகத் தட்டி விழுத்தினாள். பேனுக்கு, கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே போத்தலை நன்றாகக் கழுவி, தண்ணீரில் கோப்பை கழுவும் திரவம் சில துளி கலந்து இலையின் அடிப்பக்கத்துக்கு அடித்தாள், முதலில் ஒரே ஒரு இலைக்கு. இரண்டு நாள் பொறுத்து அந்த இலை நன்றாக இருந்த பிறகுதான் மற்ற இலைகளுக்கு. சாம்பல் அவளுக்குப் படிப்பித்த பாடம் அது. ஆடிப் புழுக்கத்தில் இலையில் வெள்ளைப் பூஞ்சணம் படிந்தபோது பிடித்த இலைகளை வெட்டி எறிந்தாள். தண்ணீரை வேருக்கு மட்டும், காலையில் மட்டும் விட்டாள்.

பூத்தும் காய்க்கவில்லை. புடலம்பூ பொழுதுபட்டுத்தான் விரியும், அந்த நேரத்தில் இந்த ஊர்த் தேனீ படுக்கப் போய்விடும். ஆண்பூவைப் பிடுங்கிப் பெண்பூவில் அவளே தடவிவிட்டாள். "கலியாணப் புரோக்கர் வேலையும் தொடங்கியாச்சோ?" என்றார் சீமோன். அந்தக் கலியாணங்களில் நான்கு கூடிவந்தன. ஒன்று வெம்பி விழுந்தது. இரண்டை இரவில் வேலி ஏறி வருகிற ரக்கூன் கடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் எறிந்துவிட்டுப் போனது. மிஞ்சியது ஒன்று.

அந்த ஒன்று வளர்ந்த வளர்த்தி! நுனி சுருளாமல் இருக்கக் கல் கட்டுவார்கள். இது கடற்கரைச் சனத்தின் வீடு, சீமோனின் தூண்டில் பெட்டியிலிருந்து ஈயக்குண்டு கட்டப்பட்டது. ஆகஸ்ட் முதல் கிழமை அது அனோஜாவின் தோள் உயரம் தொங்கியது. பச்சையில் வெள்ளை வரி ஓடி, பிசகில்லாமல் நேராக. மக்டலீன் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றாமல் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பாள். பார்த்தால் நெஞ்சு நிமிரும். தன் மூன்று பிள்ளைகள் நடை பழகியபோதுகூட இப்படிப் பெருமைப்பட நேரம் இருந்ததா என்று அவளுக்கே நினைவில்லை.

திருநாளுக்கு ஐந்து நாள் இருக்க, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலரை மணிக்கு வானம் பாசி நிறமாக மாறியது. காற்று நின்றது. முதல் ஆலங்கட்டி சீமோனின் கார்க் கூரையில் விழுந்த சத்தம் கேட்டதும் மக்டலீன் வீட்டுக்குள் ஓடி, கொழுவியிருந்த விண்டர் ஜக்கெற்றுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"பந்தலுக்கு மேலை எறியுங்கோ! அனோஜா, கொம்ஃபோட்டரைக் கொண்டு வா, ஓடு!"

"அம்மா, இற்ஸ் ஹெய்ல்! யூல் கெற் ஹேர்ற்!"

"எனக்குப் படட்டும், காய்க்குப் படக்கூடாது!"

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புடலம் பந்தல் ஐந்து விண்டர் ஜக்கெற் போட்டுக்கொண்டு நின்றது. சீமோன் கொம்ஃபோட்டர் போர்வையின் ஒரு முனையையும் அனோஜா மறுமுனையையும் பிடித்தார்கள். நடுவில் மக்டலீன் காயை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் விளையாடுகிற மாபிள் போளை அளவு ஐஸ் கட்டிகள் விழுந்து தெறித்தன. பத்து நிமிசம்தான். நின்றபோது தெருவில் ஒரு கார்கூடத் தப்பவில்லை, கூரையெல்லாம் பள்ளம் பள்ளமாக இருந்தது. பக்கத்தில் நட்டிருந்த கத்தரி தரையோடு தரை. புடலம் இலை கிழிந்து நார்நாராகத் தொங்கியது.

காய் நின்றது. ஆனால் காம்புக்கு ஒரு சாண் கீழே, ஜக்கெற் கைகளுக்கு நடுவால் நுழைந்த ஒரு கட்டி குழி விழ அடித்திருந்தது. தோல் கிழிந்து நீர் கசிந்தது. மக்டலீன் அதைப் பார்த்துக்கொண்டே ஈரப் புல்லில் இருந்துவிட்டாள். "மூண்டு வருசம், இஞ்சாருங்கோ. மூண்டு வருசம்" என்று மட்டும் சொன்னாள். சீமோன் அன்று பகிடி விடவில்லை.

இப்போது வெட்டினால் ஞாயிற்றுக்கிழமைக்கிடையில் கடைக் காய்போல மடியும். விட்டால் காயம் அழுகி முழுக் காயும் போகும். இரவு சாப்பாட்டு மேசையில் இருந்து யோசித்தாள். கொடியில் இலை குறைந்தாலும் வேர் நன்றாகத்தான் இருக்கிறது. உயிருள்ள காய் தன் காயத்தைத் தானே ஆற்றும், வெட்டின காய் ஆற்றாது. விட்டாள். காயத்தைச் சுத்தமான துணியால் ஒற்றிக் காயவிட்டு, அந்தப் பக்கம் வெயிலும் காற்றும் படக் கொடியைத் திருப்பிக் கட்டினாள். புதன் கசிந்தது. வியாழன் குறைந்தது. வெள்ளி பொருக்கு வைத்தது. சனிக்கிழமை தொட்டுப் பார்த்தாள், உலர்ந்து இறுகியிருந்தது. அவள் எடுத்த முடிவு சரி. அந்தச் சந்தோசத்தை அவள் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் அன்று சீமோனுக்கு மூன்று கறி.

ஞாயிறு விடியக் காயை வெட்டி, வெள்ளைத் துவாயில் சுற்றி, கார்ப் பின் சீற்றில் குறுக்கே வைத்தாள். கார் டிக்கியைத் திறந்தால் உள்ளே ஒரு அன்னாசி.

"உது என்ன?"

"சாப்பிடத்தான்" என்றார் சீமோன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. மக்டலீன் டிக்கியை அடித்துச் சாத்தினாள்.

கோயில் வாசலில் பவனி வரிசை நின்றது. அவள் கூறைச் சேலை கட்டி, காயத்தை நெஞ்சுப் பக்கமாக மறைத்து, காயைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு கடைசியில் போய் நின்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்தது.

"நல்ல நீட்டுக் காய்" என்றாள் முன்னால் நின்ற ஒரு மனுசி. "எந்தக் கடையிலை எடுத்தனீங்கள்?"

பட்டியலோடு வந்த அருள்நாயகமும் காயை ஏற இறங்கப் பார்த்தார். "பறவாயில்லைத் தங்கச்சி, வளவிலை வராட்டில் என்ன, வாங்கியாவது கொண்டு வந்தீங்கள். சொன்ன சொல்லுக் காப்பாத்திப்போட்டீங்கள்." அன்பாகத்தான் சொன்னார்.

மக்டலீனுக்குத் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தால் திருநாளன்று பாவத்தோடுதான் உள்ளே போகவேண்டி வரும். பக்கத்தில் நின்ற அனோஜாதான் முந்திக்கொண்டாள். "நோ அங்கிள்! அம்மாதான் வளர்த்தவ. ஐ ஹெல்ட் த கொம்ஃபோட்டர்!" பிள்ளை தாய்க்காக எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. அருள்நாயகம் பிள்ளைப் பேச்சென்று புன்னகைத்தார்.

மக்டலீன் காயைக் கையில் மெல்லத் திருப்பினாள். ஐந்து நாளாக அவள் மறைக்க வழி தேடிய காயம் வெளியே வந்தது. வட்டமான பள்ளம், நடுவில் பொருக்கு.

அருள்நாயகம் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். விரலால் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் தன் புதுக் காரைத் திரும்பிப் பார்த்தார். அதன் கூரையிலும் அதே அளவில் பதினேழு பள்ளம் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை..." என்றார். "செவ்வாய்க்கிழமை இது இஞ்சை நிண்டிருக்கு."

"ஓம் அண்ணை" என்றாள் மக்டலீன். "என்ரை வளவிலை."

அவர் பேனாவை எடுத்தார். பட்டியலில் அடைப்புக்குறியை, அதற்குள் இருந்த அன்னாசியோடு சேர்த்து, இரண்டு தரம் வெட்டினார். "நீங்கள் ஏன் கடைசியிலை நிக்கிறீங்கள்? முன்னுக்குப் போங்கோ."

பாட்டுத் தொடங்கியது. சாம்பல் மக்டலீன் வரிசைக்கு முன்னால் நடந்தாள், காயம் சனத்தின் பக்கம் தெரிய.