நட்டு கழற்றிய ஜின்

பயந்தாங்கொள்ளி என்று இன்றைக்கும் வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். மறுப்பதற்கில்லை. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், லிஃப்டில் தனியாக ஏறப் பயம். ஆனால் ஒன்பது வயதில் கோரையாற்றங்கரையில் நான் பட்ட பயம் இருக்கிறதே, அதற்கு முன்னால் இதெல்லாம் தூசி.

உம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே ஒரு அரபியிடம் படகுகளில் வேலை என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். மீதியை உம்மா சேர்த்துக்கொண்டாள். "என் தம்பிதான் அங்க ஷேக்கோட பாய்மரப் படகை ஓட்டுறான்" என்று முத்துப்பேட்டையில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். மாமா ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார்; சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. புதுச்சேரிக்குப் போன வாப்பா, யாரோ தள்ளிவிடப் பார்த்த சின்னப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அலையாத்திக் காடு பார்க்க வருகிறவர்களை மச்சான் இதில் ஏற்றிப் போகட்டும், இனி துபாயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்பது அவருடைய திட்டம்.

லாரி வந்து நின்றதும் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். "நான்தான் மொதல்ல ஏறுவேன்!" என்று கத்தினேன். வாய் சும்மா இருந்தால்தானே! வாப்பா என் தலையைத் தடவி, "அப்படியே ஆகட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் மாமாவும் நீயும்" என்று நாள் குறித்துவிட்டார். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பெண் வந்து, ஆறு கடலோடு சேருகிற இடத்தில் மூங்கிலை விட்டாலும் தரை தட்டாது என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு நீச்சல் தெரியாது. சோறு இறங்கவில்லை.

என்னைக் காப்பாற்ற ஒரே ஒரு வழி இருந்தது. அந்தப் படகில் கார் ஸ்டீயரிங் போல ஒரு சக்கரம், இடுப்புயர இரும்புத் தூண் ஒன்றின் தலையில் இருக்கும். அதைச் சுற்றினால் தூணுக்குள் ஓடுகிற கம்பிவடம் பின்னாலுள்ள சுக்கானைத் திருப்பும். லாரிக் குலுக்கலில் அந்தத் தூண் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சக்கரம் சுற்றாமல் இறுகிக் கிடந்தது. தூண் நிமிராதவரை படகு கிளம்பாது.

நிமிர்த்துவதற்குக் கூத்தாநல்லூரிலிருந்து டிராக்டர் மெக்கானிக் ஒருவரை வாப்பா கூட்டிவந்தார். அவர் ஆற்றையொட்டிய எங்கள் கொல்லையில் டயர்கள் மேல் கிடந்த படகில் ஏறி, கொத்தனார்போல் தூணில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அரைநாள் பாடுபட்டு நேராக்கினார். இறங்கிப் பார்த்தால் தூண் முன்னைவிடக் கோணலாக இருந்தது. "பாய், தூண் சாஞ்சிருக்கா, படகே சாஞ்சிருக்கா?" என்று கேட்டார். படகுதான் சாய்ந்திருந்தது. ஒரு பக்க டயர் ஈரமண்ணில் புதைந்திருந்ததை யாருமே கவனிக்கவில்லை. முதலில் படகை நிமிர்த்தி, பிறகு தூணடியில் தகடு சொருகி, நான்கு நட்டுகளையும் முறுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் எல்லோரும் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் நான் படகில் ஏறினேன். மெக்கானிக் விட்டுவிட்டுப் போன நீள ஸ்பேனரை ஆற்றுப்பக்க நட்டில் மாட்டி, அதன்மேல் ஏறி நின்று குதித்தேன். கிரீச்சென்று அரைச்சுற்று இளகியது. இறங்கி ஓடிவந்து உம்மா பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் தூண் சாய்ந்து கிடந்தது. வாப்பா மறுபடி வரவழைத்த மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன பாய் இது, நாலு நட்டும் லூசு!" என்றார்.

நாலா? நான் தொட்டது ஒன்றுதானே! மற்ற மூன்றையும் கழற்றியது யார்?

"உப்புக்காத்துல இளகியிருக்கும்" என்றார் மாமா. மெக்கானிக் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கு மட்டும் விஷயம் விளங்கிவிட்டது. கொதிநீரை வாய்க்காலில் கொட்டும்போதெல்லாம் உம்மா பிஸ்மி சொல்லச் சொல்வாள்; தண்ணீரோரம் ஜின் குடியிருக்கும், அதன் பிள்ளைகள்மேல் பட்டுவிடும் என்பாள். ஆற்றங்கரை ஜின்தான் படகில் ஏறியிருக்கிறது, நான் செய்ததைப் பார்த்துவிட்டு எனக்குக் கூட்டுச் சேர்ந்திருக்கிறது!

அன்றைக்கு மறுபடியும் முறுக்கினார்கள். நான் கொல்லைப்பக்கமே போகவில்லை. அப்படியும் மறுநாள் காலையில் நான்கும் இளகியிருந்தன. இனி நான் நினைத்தாலும் நிறுத்த முடியாது என்று தெரிந்ததும் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. உம்மா ஓதி ஊதினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் என் நட்டும் வெளியே வந்துவிடுமே.

வியாழக்கிழமை மெக்கானிக்குக் கோபம் தலைக்கேறியது. நட்டுமேல் நட்டுப் போட்டு முறுக்கி, போல்ட்டின் தலைப்பைச் சுத்தியலால் அடித்து நசுக்கினார். "இனிமே அறுத்தாத்தான் உண்டு" என்றார். மாமா நசுங்கிய போல்ட்டுகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்களைப்பு என்றாள் உம்மா.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலிருந்து நேரே கரைக்கு வந்தது தெரு. மிதவைச் சட்டை ஒன்றுதான் இருந்தது. மாமா அதை எனக்கு மாட்டி, முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். பாயை மேலே ஏற்றிக் கட்டிக்கொடுத்து, படகை ஆற்றில் தள்ளிவிட்டார்கள்.

காற்று பாயில் நிறைந்ததும் படகு சரசரவென்று ஓடியது. கரையில் கைதட்டல். மாமா சக்கரத்தை இந்தப் பக்கம் திருப்பினார், பிறகு பதறி அந்தப் பக்கம் திருப்பினார். பாய் படாரென்று மாறி அடித்தது, படகு ஒருக்களித்தது, தண்ணீர் என் கால்மேல் ஏறியது. "பாயை எறக்குங்க! கயித்த விடுங்க!" என்று கரையிலிருந்து கத்தினார்கள். மாமா எதிரே கிடந்த கயிறுகளைப் பார்த்தார். எது எந்தக் கயிறு என்று தேடுகிற பார்வை அது. அவர் உதடுகள் கலிமா சொல்லிக்கொண்டிருந்தன. மௌத்துதான், சாவு வந்துவிட்டது என்று முடிவு செய்து நானும் சொல்ல ஆரம்பித்தேன்.

வளைவில் ஆறு திரும்பியது, நாங்கள் திரும்பவில்லை. அலையாத்தி மரங்களுக்குள் புகுந்து சேற்றில் செருகி நின்றது படகு. பாய் கிழிந்து கிளையில் தொங்கியது. தூண் மட்டும் ஒரு நூல்கூடச் சாயவில்லை.

படகு நின்ற பிறகும் மாமா சக்கரத்தை விடவில்லை. இனியும் மறைத்தால் அல்லாஹ் இன்னொரு தடவை விடமாட்டான் என்று தோன்றியது எனக்கு. அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

"மாமா, ஒரு நட்டை நான்தான் கழட்டினேன். ஏறப் பயமா இருந்துச்சு. மத்ததெல்லாம் நான் இல்ல மாமா, ஜின்னு!"

அவர் என்னையே பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று முகத்துக்கே தெரியவில்லை. சேற்றில் இறங்கி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் குனிந்து என் காதருகே மெல்லச் சொன்னார்: "அந்த ஜின்னுக்கும் நீச்சல் தெரியாதும்மா."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. ஆற்றங்கரையிலேயே குடியிருந்துகொண்டு நீச்சல் தெரியாமல் அது என்ன பாடுபடுமோ! அன்று மஃரிப் தொழுததும் அந்த ஜின்னுக்காக நான் தனியாக ஒரு துஆ கேட்டேன்.