ஆறு வாஷர்

என் அக்காவைக் கட்டியவரைப் பட்டறையில் எல்லாரும் ‘பாயிண்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கு போட்டால், அதில் ஒரு பங்குக்கு எங்கள் தொழிலில் பாயிண்ட் என்று பெயர். மனிதருக்கு எல்லாமே அந்தக் கணக்கில்தான். கல்யாணமான முதல் வாரமே சமையலறை அலமாரியைக் கழற்றித் திரும்ப மாட்டினார். இடது பக்கம் தாழ்ந்திருக்கிறதாம். நானும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன், ஒரு மண்ணும் தெரியவில்லை. “டம்ளர்ல தண்ணி வச்சுப் பாரு மாப்ளே, அதுவே சொல்லும்” என்றார். தண்ணீர் சொல்லத்தான் செய்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

எப்போதும் சரியாகவே இருக்கிற ஆளோடு ஒரே மேஜையில் வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நான் பன்னிரண்டு வருஷம் பார்த்தேன். இஞ்சினின் தலைப்பகுதியை ஹெட் என்போம். பழுதான ஹெட்டைப் பிரித்து, சரிசெய்து, திரும்பப் பூட்டிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அளப்பது மாமா, பூட்டுவது நான். ‘உன் மாமா அளந்ததா?’ என்று வாடிக்கைக்காரர்கள் என்னிடமே கேட்பார்கள். பூட்டியது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அவர் அளப்பது வால்வின் உயரத்தை. வால்வு என்பது இஞ்சினுக்குக் கதவு மாதிரி. அது வந்து மூடுகிற வட்டமான விளிம்பை சீட் என்போம்; அது தேய்ந்துபோனால் புதிதாகச் செதுக்குவோம். செதுக்கிய பிறகு வால்வு முன்னைவிட ஆழமாகப் போய் உட்காரும். அந்தப் பக்கம் எவ்வளவு உள்ளே போகிறதோ, இந்தப் பக்கம் அதன் தண்டு அவ்வளவு நீட்டிக்கொள்ளும். நீட்டியதை கிரைண்டரில் தேய்த்துப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் இஞ்சின் சூடானதும் கதவு முழுதாக மூடாது. நெருப்பு அந்த இடுக்கு வழியே கசிந்து வால்வின் ஓரத்தைத் தின்றுவிடும். வால்வை இழுத்து மூடும் ஸ்பிரிங் உட்காரும் தரையில் கேஜ் என்கிற அளவுக் கருவியை ஊன்றி, தண்டின் நுனி வரைக்கும் அளப்பார் மாமா. அதற்கு முன்னால் அந்தத் தரையை வெள்ளை வெளேரென்று ஆகும்வரை சுரண்டுவார். “அழுக்கு மேல எடுத்த அளவு அழுக்கோட அளவுடா” என்பது அவர் பாட்டு.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அம்மா ஒருவர் ஒருநாள் தன் வண்டியின் ஹெட்டைக் கொண்டுவந்தார். நாலு சிலிண்டர், எட்டு வால்வு. மாமா ஆறு இடங்களைச் சுரண்டி, அளந்து முடித்திருந்தார். ஆறுமே எழுபது, எண்பது பாயிண்ட் உயரம் கூடுதல். ஏழாவதுக்குக் குனிந்தபோது விளக்கை இழுத்துக் கிட்டே வைத்துக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். முதலாளியும் நாலு வாடிக்கைக்காரர்களும் நிற்கும்போது, “கண்ணு தெரியலன்னா நான் வேணா அளக்கட்டுமா மாமா?” என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. “பூட்டுற வேலையை மொதல்ல ஒழுங்கா கத்துக்கோ. கேஜைத் தொடுறதுக்கு ஒரு யோக்கியதை வேணும்” என்று எல்லார் முன்னாலும் என் மூக்கை அறுத்தார். அந்த வேகத்தில் கடைசி இரண்டையும் சுரண்டாமலே அளந்தார். இரண்டும் இம்மி பிசகாமல் சரியாக இருந்தன. “பாத்தியா, இந்த ரெண்டும் சொன்ன பேச்சு கேக்குதுங்க, உன்ன மாதிரி இல்ல” என்று சொல்லிவிட்டு, மற்ற ஆறை மட்டும் தேய்த்துக் கொடுத்தார்.

நான் பூட்ட உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் ஒரு வாஷர் போட வேண்டும். கழற்றியதைப் போட்டுவைக்கும் தட்டில் ஆறுதான் இருந்தன. மிச்சம் இரண்டு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்தேன். கடைசி சிலிண்டரில், கருகிய எண்ணெய்ப் பிசுக்குக்குள் இரண்டும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. மாமா வாஷர் மேலேயே கேஜை ஊன்றியிருக்கிறார். வாஷரின் கனம் எண்பது பாயிண்ட். அந்த இரண்டு வால்வும் சொன்ன பேச்சுக் கேட்டது அப்படித்தான்.

எனக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. அவர் பத்தடி தூரத்தில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் போதும். நான் கூப்பிடவில்லை. வண்டியைக் கிளப்பும்போது முரண்டு பிடிக்கும், எல்லார் முன்னாலும் திரும்பக் கழற்றுவார், வேடிக்கை பார்க்கலாம் என்று கமுக்கமாகப் பூட்டினேன். ஆனால் அந்த இஞ்சினில் வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை எண்ணெயே சரிக்கட்டிக்கொள்ளும். ஆறிய இஞ்சினில் தப்பு வெளியே தெரியவில்லை. வண்டி பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டு கிளம்பியது. வேன்காரம்மா மாமாவுக்குக் கைகூப்பிவிட்டுப் போனார்.

பத்தொன்பதாவது நாள் வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பதினாலு பிள்ளைகளோடு மேம்பாலத்தின் நடுவில் நின்றுபோயிருக்கிறது. பின்னால் வந்த லாரி எப்படியோ ஒடித்துத் திருப்பியதால் ஒன்றும் ஆகவில்லை. வேன்காரம்மா கூடவே வந்திருந்தார்.

மாமா யாரையும் கிட்டே விடாமல் தானே கழற்றினார். கடைசி சிலிண்டரில் ஒரு வால்வின் ஓரம் கருகி ஒரு துண்டு போயிருந்தது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பிசுக்கைச் சுரண்டினார். வாஷர் பெயர்ந்து வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு நேராக முதலாளியிடமும் வேன்காரம்மாவிடமும் போனார். “தப்பு என்னுதுதான். சுரண்டாம அளந்துட்டேன்” என்றார். ஏன், எதற்கு என்று ஒரு சாக்கும் சொல்லவில்லை.

வேன்காரம்மா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். மாமா கூனிக்குறுகி நின்றார். “இனிமே அளவு உன் மச்சான் எடுக்கட்டும்” என்றார் முதலாளி. மாமா கேஜை வேட்டித் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிஷத்தில் எனக்குள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா அக்காவின் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, பூட்டும்போது தட்டுல ஆறு வாஷர்தான் இருந்தது. எனக்கு அப்பவே தெரியும்.”

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என் மேல கோவம்னா என்னைக் கேட்டிருக்கலாமேடா. சட்டையப் புடிச்சிருக்கலாம். அந்தப் புள்ளைங்க உன்னை என்னடா பண்ணுச்சு?”

வாசற்படியில் நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “நாளைக்கே போய் உங்க முதலாளிகிட்ட இதைச் சொல்லுவியா?” என்றாள்.

“சொல்றேன்க்கா.”

திங்கட்கிழமை முதலாளி ஊரில் இல்லை. செவ்வாய்க்கிழமை அவரைச் சுற்றி ஒரே கூட்டம். புதன்கிழமை அவர் நல்ல மனநிலையில் இருந்தார், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் தானாக வந்து மாட்டியது. அக்கா இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டாள். என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். மாமா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இரண்டு வருஷமாக நான் அளக்கிறேன், அவர் பூட்டுகிறார். ‘பாயிண்ட்’ என்று இப்போது யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே தெரியாது.

போன மாதம் வேன்காரம்மா வேறொரு வண்டியின் ஹெட்டோடு வந்தார். மாமா பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்து ஸ்பிரிங் பூட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரைத் தாண்டி வந்து ஹெட்டை என் முன்னால் வைத்தார்.

“நீயே பாத்து அளந்து குடுப்பா. இவரு கையில மட்டும் குடுத்துடாத” என்று மாமாவின் காதுபடவே சொன்னார்.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“சரிம்மா, நானே பாத்துக்கறேன்” என்றேன்.